தரையில் ஓடும் எட்டுக்கால் பூச்சிகள்: வாசகர் கேள்வி - பதில்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தோட்டத்து மண் ஊறிப்போகும். கல்லுக்கும் சருகுக்கும் அடியில் இருந்ததெல்லாம் வாசற்படி ஏறும். அதைப் பற்றி வந்த கடிதங்களுக்குத்தான் இந்த முறை பதில். மூலையில் வலை கட்டித் தொங்கும் ஒட்டடைச் சிலந்திகளை இங்கே சேர்க்கவில்லை. வலையில் காத்திருக்காமல் தரையிலும் சுவரோரத்திலும் ஓடி இரை பிடிப்பவையும், அவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படுபவையும் மட்டும்.

இரவு பாத்ரூம் விளக்கைப் போட்டால் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி. தட்டையாக, பழுப்பாக இருக்கிறது. துடைப்பத்தை எடுப்பதற்குள் கதவு இடுக்கில் மறைந்துவிடுகிறது. விஷமா? (வாசகி, பல்லடம்)

வேட்டைச் சிலந்தி. வெப்பநாடுகள் முழுக்க வீடுகளில் காணப்படும் ஹெட்டரோபோடா வெனடோரியா என்ற இனமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். உடம்பு இரண்டரை சென்டிமீட்டர்தான். காலை விரித்தால் 8 முதல் 12 சென்டிமீட்டர் வரும். பயமுறுத்துவது அந்தக் கால்கள்தான். மற்றச் சிலந்திகளுக்குக் கால் முட்டி மேல்நோக்கி மடங்கும். இதற்கு நண்டுக்கு இருப்பதுபோலப் பக்கவாட்டில் விரியும். அதனால்தான் அவ்வளவு பெரிய உருவம் காலண்டருக்குப் பின்னாலும் கதவு நிலையின் இடுக்கிலும் நுழைந்துகொள்கிறது. முகத்தைப் பார்க்க முடிந்தால், முன் கண்களுக்குக் கீழே வெளிறிய பட்டை ஒன்று மீசை வைத்ததுபோல் தெரியும். அது இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

விஷம் இல்லாத சிலந்தி அபூர்வம். ஆனால் இதன் விஷம் கரப்பானுக்கானது. கையில் வைத்து நசுக்கினால் கடிக்கும். முட்டைப் பையைச் சுமக்கும் பெண்ணைச் சீண்டினாலும் கடிக்கும். 2 ரூபாய் நாணயம் அளவுக்கு வெளிறிய தட்டு ஒன்றை வயிற்றுக்கு அடியில் அணைத்தபடி இருந்தால் அதுதான் முட்டைப் பை. கடித்தால் எரிச்சலும் வீக்கமும் இருக்கும். பொதுவாகச் சில மணி நேரத்தில் அடங்கிவிடும்.

பிடித்து வெளியே விட, டம்ளரை எடுக்காதீர்கள். டம்ளர் வாய்க்குள் கால்கள் அடங்காது, விளிம்பில் மாட்டி முறியும். 12 சென்டிமீட்டருக்கு மேல் வாய் அகலமுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றும், தடித்த கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றும் போதும். டப்பாவை மெல்லக் கொண்டுபோக வேண்டும். சிலந்தியின் கால்களில் காற்று அசைவை உணரும் மெல்லிய முடிகள் உண்டு. துடைப்பத்தை ஓங்கும்போது கிளம்பும் காற்றே அதற்குத் தகவல் சொல்லிவிடுகிறது. உங்களிடமிருந்து அது ஒவ்வொரு முறையும் தப்புவதற்குக் காரணம் இதுதான். டப்பாவைச் சுவரில் கவிழ்த்தபின் அட்டையைச் சுவரோடு ஒட்டியபடி நுழையுங்கள். கால் தட்டுப்பட்டால் நிறுத்தி, அது காலை இழுத்துக்கொள்ளும்வரை பொறுத்து மறுபடி தள்ளுங்கள்.

கதவுக்குப் பின்னால் அசையாமல், கண் இருக்கும் இடம் வெற்றோடாக ஒரு சிலந்தி தெரிந்தால் அது செத்த சிலந்தி அல்ல, உரித்துப்போட்ட தோல். எடுத்துப் போட்டுவிடலாம். இந்தச் சிலந்தி பாத்ரூமுக்குத் தினமும் வருகிறது என்றால், கழிவுநீர்த் துளை வழியாகத் தினமும் கரப்பான் வருகிறது என்று அர்த்தம். முதலில் அந்தத் துளையை மூடும் ஜாலியை (சல்லடை மூடியை)ப் பாருங்கள்.

திண்ணையில் ஒரு சிலந்தி பின்னால் வெள்ளை உருண்டையை இழுத்துக்கொண்டு ஓடியது. இரண்டு வாரம் கழித்து அதேபோன்ற ஒன்றை விளக்குமாற்றால் அடித்தேன். அதன் முதுகிலிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் நாலா பக்கமும் சிதறின. வீடு முழுக்கப் பெருகிவிடுமா? (வாசகர், மன்னார்குடி)

பெருகாது. ஆனால் அடித்ததுதான் தவறு.

நீங்கள் பார்த்தது ஓநாய்ச் சிலந்தி. முட்டைப் பையை உடம்பின் கடைசியில் இருக்கும் நூல்குழாயோடு ஒட்டி இழுத்துப்போகும் பழக்கம் இந்தக் குடும்பத்தின் முத்திரை. குஞ்சு பொரித்ததும் அத்தனையும் தாயின் முதுகில் அடுக்கடுக்காக ஏறிக்கொள்ளும். ஒரு வாரம்போல இரை எதுவும் தின்னாமல் அங்கேயே இருந்துவிட்டுத் தானாகக் கலையும். தாயை அடித்தால் அந்தக் கலைதல் உங்கள் கூடத்தில் நடக்கிறது, அவ்வளவுதான். சிமெண்டுத் தரையில் ஈரமும் சிறுபூச்சியும் கிடைக்காமல் பெரும்பாலானவை ஓரிரு நாளில் காய்ந்துபோகும். ஈர மாப் போட்டு ஒரு முறை துடைத்தால் போதும், மருந்து தேவையில்லை.

அடையாளத்துக்குக் கண்களைப் பாருங்கள். செல்போன் கேமராவில் பெரிதாக்கினாலே தெரியும். கீழ் வரிசையில் நான்கு சிறிய கண்கள், அதற்கு மேல் முன்னோக்கிய இரண்டு பெரிய கண்கள், தலைக்கு மேல் இன்னும் இரண்டு. முதுகில் வெளிறிய கோடும் சாம்பல், பழுப்புக் கறைகளும் இருக்கும். வேட்டைச் சிலந்தி கண்ணாடியிலும் டைல்ஸிலும் ஏறும். அதன் பாதத்தில் பற்றிக்கொள்ளும் முடிக்கற்றை உண்டு. ஓநாய்ச் சிலந்திகள் பலவற்றுக்கு அது கிடையாது. வழுவழுப்பான வாளியிலோ வாஷ்பேசினிலோ விழுந்தால் ஏற முடியாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். காலையில் பேசினில் சிலந்தி கிடந்தால் அது குழாய்வழி மேலே வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீர் தேடி வந்து உள்ளே விழுந்தது அது. ஒரு துண்டைத் தொங்கவிட்டால் பிடித்து ஏறிப் போய்விடும்.

இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச்சை நெற்றிப் பக்கம், கண்ணுக்கு இணையாகப் பிடித்துத் தோட்டத்துப் புல்லைப் பாருங்கள். நீலமும் பச்சையும் கலந்த சிறுபொறிகள் தரையெங்கும் மின்னும். தலையை அசைத்தால் பனித்துளியின் மினுக்கு மாறும், சிலந்திக் கண் அதே இடத்தில் நின்று ஒளிரும். டார்ச்சை இடுப்பளவில் பிடித்தால் இது தெரியாது. ஒளி வந்த வழியே திரும்புவதால் உங்கள் கண் அதே கோட்டில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டைச் சுற்றி எத்தனை சிலந்தி இருக்கிறது என்று எண்ண இதைவிடச் சுலபமான வழி இல்லை. எண்ணிப் பார்த்தபின் தூக்கம் வராவிட்டால் நாங்கள் பொறுப்பல்ல.

பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் வெள்ளைப் பட்டுத்துணி போன்ற பை. அதற்குள் எலி நிறத்தில் ஒரு சென்டிமீட்டர் சிலந்தி. இது எது? (வாசகி, ஓசூர்)

தரைச் சிலந்தி என்று அறிவியலார் தனிக் குடும்பமாக வைத்திருப்பது இதைத்தான். நேஃபோசிடே என்பது குடும்பப் பெயர். உலகில் 2000க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. சாம்பலோ கறுப்போ, கோலமில்லாத மேனி, நீண்ட வயிறு. சந்தேகமிருந்தால் வயிற்றின் நுனியைப் பாருங்கள். மற்றச் சிலந்திகளுக்கு நூல்குழாய்கள் கூம்புபோல் ஒன்றாகக் குவிந்திருக்கும். இதற்கு உருளையான இரண்டு குழாய்கள் இடைவெளி விட்டு நீட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தாலே தெரியும்.

பகலெல்லாம் அந்தப் பைக்குள் தூக்கம், இரவில் வேட்டை. வலை கட்டாது என்றாலும் நூலை ஆயுதமாக்கத் தெரியும். தன்னைவிடப் பெரிய பூச்சி எதிர்த்தால் பசையுள்ள நூலை அதன் கால்களிலும் வாயிலும் அப்பிக் கட்டிப்போட்டுவிட்டுப் பிறகு கடிக்கும். உங்களை ஒன்றும் செய்யாது. தொட்டியை நகர்த்தும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள். அடியில் விரலைக் கொடுத்துத் தூக்கினால் சிலந்தி கடிக்காவிட்டாலும் தேளோ பூரானோ கடிக்கலாம்.

மாதாமாதம் ஆள் வைத்து மருந்து அடிக்கிறோம். அடித்த இரண்டு நாளில் முன்பைவிட அதிகமாகச் சிலந்தி தெரிகிறது. மருந்தில் கலப்படமா? (வாசகர், சென்னை, மடிப்பாக்கம்)

மருந்து நல்லதாக இருந்தாலும் இப்படித்தான் நடக்கும்.

வீட்டுக்கு அடிக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை. தரையில் படலமாகப் படிந்து, அதன்மேல் நடக்கும் பூச்சியின் உடம்பில் ஒட்டிக் கொல்வது அவற்றின் வேலை. கரப்பான் வயிறு தரையில் உரச ஓடும்; பிறகு மீசையையும் காலையும் வாயால் நக்கித் துடைக்கும். அதனால் மருந்தை உள்ளேயும் வாங்கிக்கொள்கிறது. சிலந்தி எட்டு நுனிக்காலில் நடக்கிறது. வயிறு தரையைத் தொடுவதில்லை. அதற்குப் போய்ச் சேரும் அளவு கொல்லக் காணாது, எரிச்சலூட்ட மட்டும் காணும். அந்த எரிச்சலில் இடுக்கிலிருந்து பகலிலேயே வெளியே ஓடிவரும். இன்னொரு பக்கம், சாக்கடையிலிருந்து பாதி மயங்கிய கரப்பான்கள் தள்ளாடி வரும். சிலந்திக்கு அது பந்தி. நீங்கள் பார்த்த 'அதிகம்' இப்படி வந்ததுதான், புதிதாக வந்தவை அல்ல.

மாதச் செலவை நிறுத்திவிட்டு இதைச் செய்யுங்கள்.

முதலில் வாசல் விளக்கு. நம் ஊர்க் கடைகளில் கேட்காமலே கொடுப்பது 6500 கே என்று போட்ட வெள்ளை எல்இடி. அதன் நீலம் கலந்த வெளிச்சத்துக்குத்தான் ஈசலும் அந்துப்பூச்சியும் மொய்க்கின்றன. அட்டைப்பெட்டியில் 2700 கே அல்லது 3000 கே என்று போட்ட மஞ்சள் பல்பாகக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் விளக்கைக் கதவுக்கு மேலிருந்து எடுத்து, மூன்று நான்கு மீட்டர் தள்ளி, வாசலை நோக்கி ஒளி விழும்படி கம்பத்திலோ காம்பவுண்டுச் சுவரிலோ மாட்டுங்கள். பூச்சிகள் அங்கே மொய்க்கட்டும், சிலந்தியும் அங்கேயே சாப்பிடட்டும். எங்கள் அனுபவத்தில் இந்த ஒரு மாற்றம்தான் பாதிக் கதையை முடிக்கிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்து இடைவெளி. இரவில் வீட்டுக்குள் விளக்கை அணைத்துவிட்டு, வெளியிலிருந்து ஒருவரைக் கதவின் அடியில் டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சக் கோடு தெரியும் இடமெல்லாம் வழி. பென்சில் நுழைந்தால் பெரிய ஓநாய்ச் சிலந்தியும் நுழையும். ஹார்டுவேர் கடையில் கதவடி ரப்பர் பட்டை, பிரஷ் பட்டை இரண்டும் கிடைக்கும். தரை சமமாக இருந்தால் ரப்பர், மேடுபள்ளமாக இருந்தால் பிரஷ். கதவை மூடிய நிலையில், பட்டை தரையை லேசாகத் தொடும்படி வைத்து ஸ்க்ரூ போட வேண்டும். அழுத்தி வைத்தால் இரண்டு மாதத்தில் ரப்பர் சுருண்டு மேலேறி, பழைய இடைவெளி திரும்ப வந்துவிடும். ஏசி குழாய், கேபிள் நுழையும் ஓட்டைகளைச் சிலிக்கான் வைத்து அடையுங்கள். சிமெண்டு பூசினால் குழாய் அதிரும்போது விரிசல் விடும்.

மூன்றாவது, சுவரை ஒட்டி ஒன்றரை அடி வெறும் தரை. தென்னமட்டை, உடைந்த ஓடு, செங்கல், பழைய மரச்சட்டம் எதுவும் அந்தப் பட்டைக்குள் இருக்கக்கூடாது. விறகு அடுக்க வேண்டுமென்றால் இரண்டு செங்கல் உயரத்தில் கட்டையின்மேல், சுவரைத் தொடாமல் அடுக்குங்கள். செடி கொடி சுவரில் சாய்ந்திருந்தால் கத்தரித்துவிடுங்கள்.

பலன் தெரிகிறதா என்று பார்க்கப் பசை அட்டை நல்லது. ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில், சுவரை ஒட்டி, தரையோடு தரையாக ஒன்று வையுங்கள். தேதி எழுதி இரண்டு வாரம் விடுங்கள். எந்த அட்டையில் அதிகம் ஒட்டியிருக்கிறதோ அந்தக் கதவில்தான் ஓட்டை. அட்டையைத் திறந்து வைக்காமல் மேலே ஒரு அட்டைப்பெட்டித் துண்டைக் கூரைபோல் மடித்து மூடுங்கள், இல்லையேல் பல்லி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் இழுக்காதீர்கள், சமையல் எண்ணெயை நாலு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் பொறுத்தால் தானே விடுபடும்.

பெர்மெத்ரின் என்று எழுதிய மருந்தைப் பூனை வளர்க்கும் வீட்டில் அடிக்கவே கூடாது. பூனையின் உடம்பால் அதை முறிக்க முடியாது, வலிப்பு வரும். மீன்தொட்டிக்கும் இந்த வகை மருந்துகள் எல்லாமே நஞ்சு.

அந்துருண்டை, மண்ணெண்ணெய், புதினா எண்ணெய், எலுமிச்சைத் தோல். எது பலன் தரும்? (வாசகி, காரைக்குடி)

எலுமிச்சை பலன் தராது. புதினா எண்ணெய் சில இனங்களைக் கொஞ்சம் விலக்குவதாகச் சோதனையில் தெரிந்திருக்கிறது, ஆனால் வாடை போனால் பலனும் போய்விடும். மண்ணெண்ணெய் தீப்பிடிக்கும், தரையும் கெடும். அந்துருண்டையைக் கைக்குழந்தை உள்ள வீட்டில் வைக்காதீர்கள். ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடுள்ள குழந்தைக்கு அதன் நெடியே இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் காமாலையில் கொண்டுபோய் விடும். பலருக்கு அந்தக் குறைபாடு இருப்பதே தெரியாது.

தூங்கி எழுந்தால் கழுத்தில் சூடு பட்டதுபோலச் சிவந்த கோடு, அதன்மேல் சிறு கொப்புளங்கள். 'எட்டுக்கால் பூச்சி நக்கிவிட்டது' என்று மாமியார் சொல்கிறார். காவி பூசலாமா? (வாசகி, கும்பகோணம்)

சிலந்தி நக்குவதும் இல்லை, மேலே சிறுநீர் கழித்துக் கொப்புளம் வரவைப்பதும் இல்லை. தமிழ்நாட்டில் 'எட்டுக்கால் பூச்சிக்கடி' என்று சொல்லப்படுவதில் மிகுதி வேறு மூன்று சங்கதிகள். மூன்றையும் பிரித்தறிவது அவசியம், ஏனென்றால் ஒன்று உயிரை எடுக்கக்கூடியது.

உங்களுக்கு வந்திருப்பது ஒரு வண்டால் வந்த புண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். பெடரஸ் என்ற வண்டு. பார்க்க எறும்பு போல, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. தலை கறுப்பு, கழுத்து ஆரஞ்சு, நடுவில் நீலம் மின்னும் குட்டைச் சிறகுமூடி, வயிறு ஆரஞ்சு, நுனி மறுபடி கறுப்பு. வயலில் வாழும் பூச்சி, மழைக்காலத்தில் விளக்குக்கு வரும். அது கடிப்பதோ கொட்டுவதோ இல்லை. மேலே ஊரும்போது நாம் தூக்கத்தில் தேய்த்து நசுக்கினால் அதன் உடல்நீரிலுள்ள பெடரின் என்ற நஞ்சு தோலில் பரவுகிறது. உடனே ஒன்றும் தெரியாது. அரை நாள் முதல் ஒன்றரை நாள் கழித்து எரிச்சலும், தேய்த்த திசையிலேயே நீளமான கோடும் வரும். முழங்கை மடிப்பில் பட்டால் கையை மடக்கும்போது எதிர்ப்பக்கமும் பட்டு, ஒன்றின் பிரதிபோல் இன்னொரு புண் வரும். அப்படிச் சோடிப் புண் இருந்தால் சிலந்தியை மறந்துவிடலாம். சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, குளிர்ந்த ஈரத்துணி ஒற்றடம் கொடுங்கள். தொட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். பூசும் மருந்தைத் தோல் மருத்துவர் சொல்லட்டும். பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் ஆறி, கறுப்புத் தழும்பு விட்டுப் பிறகு மங்கும். இனிமேல் அந்த வண்டு மேலே ஊர்ந்தால் தட்டாதீர்கள், ஊதிவிடுங்கள். கட்டிலுக்கு மேலே உள்ள விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குங்கள், கொசுவலை கட்டினால் இன்னும் நல்லது.

கொப்புளம் உடம்பின் ஒரே பக்கம், முதுகிலிருந்து மார்பு நோக்கிப் பட்டையாக, தோன்றுவதற்கு முன்பே அந்த இடத்தில் வலியோடு வந்தால் அது அக்கி. நரம்பில் பதுங்கியிருந்த சின்னம்மைக் கிருமி மறுபடி எழுவது. குயவர் வீட்டில் காவியால் சிங்கம் எழுதிக்கொள்ளும் வழக்கம் இதற்குத்தான் வந்தது. எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். கிருமிக்கு எதிரான மாத்திரை அதற்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் அன்றே பார்க்க வேண்டும்.

மூன்றாவதுதான் ஆபத்து. காய்ச்சலோடு, அக்குளிலோ தொடையிடுக்கிலோ இடுப்பிலோ மார்புக்கு அடியிலோ வலியில்லாத கறுப்புப் பொருக்கு ஒன்று, சிகரெட்டால் சுட்டதுபோல், சுற்றிச் சிவந்து இருந்தால் அது ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு கடித்து, ஒரு வாரம் பத்து நாள் கழித்து வருவது. மழைக்குப் பிந்திய குளிர்மாதங்களில் தமிழ்நாட்டில் நிறையவே வருகிறது. 'சிலந்தி கடித்த புண்' என்று விட்டுவிட்டால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் சீக்கிரம் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். பொருக்கு மறைவான இடத்தில் இருப்பதால் நோயாளிக்கே தெரியாது. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போகும்போது அதைப் பார்த்து நீங்களே சொல்லிவிடுங்கள்.

கிணற்றடித் தென்னையின் பொந்தில் கையளவு மயிர்ச் சிலந்தி இருக்கிறது. ஆட்கள் மரமேற மறுக்கிறார்கள். பொந்தில் மண்ணெண்ணெய் ஊற்றலாமா? (வாசகர், தென்காசி)

வேண்டாம். மரப்பொந்தில் இருப்பது பொய்சிலோதீரியா என்ற பேரினமாக இருக்கலாம். அந்தப் பேரினம் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. காலின் உள்பக்கம் மஞ்சளும் கறுப்பும் பட்டையாக இருக்கும். மிரட்டினால் முன்கால்களைத் தூக்கி அதைக் காட்டும். வெளிநாட்டில் வளர்ப்பதற்காகக் கடத்துவார்கள் என்பதால், 2019இல் உலக வன உயிர் வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் பேரினம் முழுவதையும் சேர்த்தார்கள். பிடித்து விற்கச் சொல்லி யாராவது கேட்டால் அனுப்பிவிடுங்கள்.

மற்றச் சிலந்திகளைப் போல் இதை அலட்சியமாக எடுக்கவும் கூடாது. கடித்தால் கடுமையான வலியும், சில மணி நேரம் கழித்தும்கூடத் தசைப்பிடிப்பும் வரும். உயிருக்கு ஆபத்து என்பதில்லை. சோப்பால் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை பத்துப் பத்து நிமிடமாக வைத்து, கையைத் தாழ்த்தாமல் வைத்து, மருத்துவமனைக்குப் போங்கள். கயிற்றால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், சுண்ணாம்பு தடவாதீர்கள். பாம்புக்கடி ஊசி சிலந்திக்கு வேலை செய்யாது, அதைப் போடச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம்.

மரமேற வேண்டிய நாளில், பகல் வெளிச்சத்தில், தோல் கையுறையோடு ஏறச் சொல்லுங்கள். ஏறுமுன் நீளக் கழியால் பொந்துக்குக் கீழே மரத்தைத் தட்டினால் போதும். சிலந்தி உள்ளே போய் ஒடுங்கிக்கொள்ளும், பகலில் வெளியே வராது. பொந்தைக் கையால் பிடித்து ஏறவே கூடாது.

தரையில் வளை தோண்டும் மயிர்ச் சிலந்தி வேறு. கட்டைவிரல் அளவு துளை, விளிம்பில் பட்டு விரித்தாற்போல் நூல். துளையில் நூல் இருந்தால் சிலந்தி. வெறும் மண்ணாக, பக்கத்தில் பொடிமண் குவியலோடு இருந்தால் நண்டோ எலியோ வண்டோ.

மணல் நிறத்தில் பத்துக்காலோடு ஒன்று டியூப்லைட் வெளிச்சத்தில் வெறி பிடித்ததுபோல் ஓடுகிறது. நம்மைத் துரத்துகிறது! (வாசகர், ராமநாதபுரம்)

உங்கள் நிழலைத் துரத்துகிறது. ஒட்டகச் சிலந்தி, பெயரில்தான் சிலந்தி, இனத்தால் வேறு. முன்னால் கால்போல நீட்டியிருப்பவை உணர்கொடுக்குகள், அதனால்தான் பத்தாகத் தெரிகிறது. வெயிலுக்கு ஒதுங்கும் பிராணி நிழலைத் தேடி ஓடும்போது நீங்கள் நகர்ந்தால் நிழலும் நகர்கிறது. தாடை பெரியது, பிடித்தால் தோல் கிழியும். கழுவி மருந்து போட்டால் போதும்.

உங்கள் பக்கத்தில் பயப்பட வேண்டியது செந்தேளுக்கு. குழந்தையைக் கொட்டி, வியர்த்து, வாந்தி எடுத்து, கை கால் சில்லிட்டால் அது வலி மட்டும் அல்ல, இதயத்தைத் தாக்கும் நஞ்சு. பிரசோசின் மாத்திரை இதற்குப் பலன் தரும் என்று காட்டியவர் மகாராஷ்டிராவின் மஹாட் ஊர் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர். அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள். ரூபாய் நோட்டு பார்க்கும் புற ஊதாக்கதிர் டார்ச் ஒன்று வாங்கி இரவில் விறகடுக்கிலும் செருப்பு ஸ்டாண்டிலும் அடித்துப் பாருங்கள். தேள் பச்சையாக ஒளிரும். சிலந்தி அப்படி ஒளிராது.

விடியலில் வயல் வரப்பிலும் புல்தரையிலும் பனி கோத்த வலை விரிந்திருக்கிறது. நடுவில் புனல்போல ஓட்டை. கலைக்கலாமா? (வாசகி, திருவாரூர்)

விட்டுவிடுங்கள். ஓநாய்ச் சிலந்திக் குடும்பத்திலேயே வலை கட்டும் கிளை அது, ஹிப்பாசா. புனலுக்குள் உட்கார்ந்திருக்கும், விரல் நுனியால் வலையை லேசாகத் தட்டினால் பாய்ந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்பும். அதே வயலில் வலையில்லாமல் தண்ணீர்மேல் ஓடும் பார்டோசா சிலந்திதான் நெற்பயிரில் புகையான் என்ற பூச்சியைத் தின்று அடக்குவது. நடவு முடிந்த முதல் மாதத்தில் பயிர்ப் பச்சை குறைந்ததென்று அவசரப்பட்டு மருந்து அடித்தால் முதலில் சாவது சிலந்தி. புகையான் முட்டை தண்டைச் சுற்றிய இலையுறைக்குள் பத்திரமாக இருந்து பொரித்து, தின்ன ஆளில்லாமல் பெருகும். மருந்து அடித்த வயலில் புகையான் அதிகமாவதன் சூட்சுமம் இது.

டிவி திரையில் மௌஸ் அம்புக்குறியை ஒரு குட்டிச் சிலந்தி எட்டி எட்டிப் பிடிக்கிறது. தலையைத் திருப்பி என்னைப் பார்க்கிறது. கொல்ல மனம் வரவில்லை. (வாசகர், கோவை)

தாவும் சிலந்தி. முன்னால் உள்ள இரண்டு பெரிய கண்களும் அவ்வளவு கூர்மை. உங்களைப் பார்ப்பது உண்மைதான். கொசுவும் ஈயும் தின்னும். அம்புக்குறி அகப்படாமல் ஏமாறுவதைத் தவிர அதற்கு வேறு கெடுதல் இல்லை. திரையை ஸ்ப்ரே போட்டுத் துடைக்கும்போது மட்டும் ஓரமாக நகர்த்திவிடுங்கள்.